மாடியில் சோலார், வீட்டில் இருட்டு

வீட்டுக்கு வீடு மின்சாரம் தயாரித்து, அதைப் பேட்டரியில் சேர்த்து வைத்துக்கொள்வது ஏதோ நேற்று வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய வழக்கம். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஓரிடத்திலிருந்து ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஏற்பாடு அதற்குப் பிறகுதான் எங்கும் பரவியது. அப்படிப் பரவிய வேலையில் 38 வருஷம் இருந்தவன் நான். 1976-இல் உதவியாளராகச் சேர்ந்து, வயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று ஏறி, 2014-இல் போர்மேனாக ஓய்வு பெற்றேன். இன்று என் வீட்டு மொட்டை மாடியில் சோலார் பேனல், மாடிப்படிக்குக் கீழே பேட்டரி. "ஈ.பி.காரருக்கே ஈ.பி. மேல நம்பிக்கை இல்லையா?" என்று கடைத்தெருவில் கேட்கிறவர்கள் உண்டு. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வரவேண்டும்.

முதலில் வந்தது பேட்டரி

1859-இல் பிரான்ஸ் நாட்டில் கஸ்தோன் பிளாந்தே என்பவர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, தீர்ந்தால் மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். நம் வீட்டு இன்வெர்ட்டரோடு இருக்கும் கனமான பெட்டி அதன் பேரப்பிள்ளைதான். எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்து வாடிக்கையாளர்களுக்கு விளக்குக் கொடுத்தது 1882-இல். அதாவது, நிலையம் வருவதற்கு 23 வருஷம் முன்பே சேமிக்கும் வழி வந்துவிட்டது.

அமெரிக்காவில் நகரங்களுக்குக் கம்பி போயிற்று. தூரத்துப் பண்ணை வீடுகளுக்குப் போகவில்லை. அந்த விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. 1916 முதல் டெல்கோ லைட் என்ற பெயரில் ஒரு சின்ன எஞ்சினும் டைனமோவும் விற்பனைக்கு வந்தன. அதோடு வரிசையாகக் கண்ணாடி ஜாடிகளில் பேட்டரி. எல்லாம் 32 வோல்ட். பகலில் எஞ்சினை ஓட்டிப் பேட்டரியை நிரப்புவார்கள். ராத்திரி எஞ்சினை நிறுத்திவிட்டு விளக்கு எரிப்பார்கள். காற்றாடி வைத்து நிரப்பியவர்களும் உண்டு. 1935-இல் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திய பிறகு கம்பி கிராமங்களுக்கு வந்தது. அதன் பின் அந்த ஜாடிகள் மெல்ல மெல்லப் பரணுக்குப் போய்விட்டன.

நம் பக்கத்திலும் அதே வரிசைதான். கிருஷ்ணராஜ சாகரெல்லாம் வருவதற்கு முன்பே, 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போயிற்று. 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது. நம் சென்னை மாகாணத்தில் பெரிய அளவில் அரசு எடுத்த முதல் நீர்மின் திட்டம் பைக்காரா. நீலகிரியின் மேலிருந்து 3000 அடிக்கு மேல் குழாயில் இறங்கி வரும் தண்ணீரைக் கொண்டு 1932-இல் சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்களும் கொங்குநாட்டுக் கிணறுகளும் அதை நம்பித்தான் வளர்ந்தன. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. அங்கே மின்உற்பத்தி 1937-இல் தொடங்கியது. பாபநாசம் 1944. பிறகு 1957 ஜூலை 1-ஆம் தேதி மின்சார வாரியம் அமைந்தது. 1962-இல் நெய்வேலி நிலக்கரியிலிருந்து கரண்ட் வந்தது.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயில் எஞ்சின் வைத்த ரைஸ்மில்லில் மட்டும் ஒரு டைனமோ இருக்குமாம். நெல் அரைக்கிற வரைக்கும் மில் வாசலில் பல்பு எரியும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மற்ற வீடுகளில் சிம்னியும் அரிக்கேனும். கல்யாணம், சாவு என்றால் வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய கிராமங்களுக்குக் கரண்ட் வந்திருந்தது. தெருக்கோடிக் குடிசைகளுக்கு வரவில்லை. குடிசைக்கு ஒரு விளக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நானே சர்வீஸ் ஒயர் இழுத்திருக்கிறேன். அப்போது கவனித்த ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது. பல்பு எரிந்த அன்று யாரும் அரிக்கேனைத் தூக்கிப் போடவில்லை. கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியை வெட்டி, ஆணியில் மாட்டி வைத்தார்கள். "இது ஊருக்கு வர்ற வெளக்கு. அது நம்ம வெளக்கு" என்று ஓர் அம்மாள் சொன்னார். கம்பி இழுக்கிற வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

கோடியக்கரையில் நின்றால் யாழ்ப்பாணம் ஒன்றும் அதிகத் தூரமில்லை. 1982-இல் ரூபவாகினி தொடங்கியபோது, கரையோர ஊர்களில் உயரமான மூங்கிலில் ஆன்டெனா கட்டிப் பார்த்தவர்கள் நாம். கரண்ட் இல்லாத இடங்களில் கார் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி, டவுனுக்குப் போய்ச் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து டி.வி. பார்த்ததும் உண்டு.

அதே யாழ்ப்பாணத்தில் 1990 முதல் பல வருஷம் மின்சாரமே இல்லை. போர் காரணமாக மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. ரேடியோவில் போடும் பேட்டரி தடைசெய்த சாமான்களில் ஒன்று. அங்கிருந்து வந்த உறவுகள் சொன்னதைக் கேட்டால் இன்றும் மனம் கனக்கும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு விளக்குச் செய்தார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரண்டில் மற்றவர்கள் ரேடியோச் செய்தி கேட்டார்கள்.

மின்சாரத் தற்சார்பு என்று இப்போது விளம்பரங்களில் அழகாக எழுதுகிறார்கள். அந்தச் சைக்கிளும் தற்சார்புதான். ஆனால் அதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மிதிக்கிறவர் நிறுத்தினால் ரேடியோவும் நின்றுவிடும். சேர்த்து வைக்க ஒரு பேட்டரி இல்லாவிட்டால் மின்சாரம் அந்த நேரத்துக்கு மட்டும்தான். எங்கள் ஊர் ரைஸ்மில் பல்பின் கதையும் அதுவே.

வெயிலிலிருந்து மின்சாரம்

ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-இலேயே எட்மண்ட் பெக்கரல் கண்டார். அது வேலைக்கு ஆகிற பொருளாக 115 வருஷம் ஆயிற்று. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கான் சோலார் செல்லை வெளியிட்டார்கள். விழுகிற வெயிலில் 100-இல் 6 பங்கு மின்சாரமாயிற்று. விலையோ யானை விலை. அதனால் முதலில் வானத்துக்குத்தான் போயிற்று. 1958-இல் வான்கார்டு செயற்கைக்கோள். 1975-இல் நம் ஆரியபட்டா. 1970-களில் ஒரு வாட் பேனல் 70 டாலருக்கு மேல் என்றால், இன்று அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இன்றைய பேனல் 20 பங்குக்கு மேல் மின்சாரமாக்குகிறது.

தமிழ்நாட்டில் இதற்கென்று 1985-இலேயே டெடா என்ற எரிசக்தி மேம்பாட்டு முகமை வந்துவிட்டது. ஆனால் சோலார் என்றால் ரொம்ப நாள் நமக்குத் தெரிந்ததெல்லாம் வெந்நீர்ப் பெட்டியும் பஞ்சாயத்துத் தெருவிளக்கும்தான். மக்களை உசுப்பியது மின்வெட்டு.

2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன அந்த நாட்கள் உங்களுக்கும் மறந்திருக்காது. சென்னைக்கு 2 மணி நேரம் என்றால் நமக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். சில நாள் அதற்கும் மேல். கிரைண்டர் ஓட்ட அடுப்பங்கரையில் நேரம் பார்த்துக் காத்திருந்தார்கள். கொசுவுக்கும் புழுக்கத்துக்கும் பயந்து வாசலில் பாய் போட்டுப் படுத்தோம். நான் அப்போது பணியில் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு வரும் போன்களில் என்ன வார்த்தைகள் இருக்கும் என்பதை எழுத முடியாது. திட்டுகிறவர் வீட்டிலும் கைக்குழந்தை. கேட்கிற என் வீட்டிலும் கைக்குழந்தை, என் பேத்தி. இருவர் வீட்டிலும் விசிறிக்குக் கை ஓயவில்லை.

அப்போதுதான் இன்வெர்ட்டர் வீட்டுக்கு வீடு வந்தது. அது கரண்டைத் தயாரிப்பதில்லை. இருக்கும்போது வாங்கி வைத்து, இல்லாதபோது திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் கைமாற்றலில் கால் பங்கு போல வீணாகும். கரண்ட் வந்த உடனே ஊரில் உள்ள அத்தனை பேட்டரியும் ஒன்றாகச் சார்ஜ் இழுக்கும். டிரான்ஸ்பார்மர் முனகும். பற்றாக்குறைக்கு வாங்கிய மருந்து பற்றாக்குறையையே கொஞ்சம் கூட்டியது.

2012 அக்டோபரில் தமிழக அரசு சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2015-க்குள் 3000 மெகாவாட் என்று இலக்கு. அந்த வருஷத்துக்குள் எட்டவில்லை. ஆனால் அதன் தொடர்ச்சியாக வீட்டு மாடியில் பேனல் வைப்போருக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. 2013-இல் இருவழி மீட்டருக்கு ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்தது. பகலில் மிஞ்சும் கரண்ட் கம்பத்துக்குப் போகும். ராத்திரி கம்பத்திலிருந்து வாங்கிக்கொள்ளலாம். கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். பேட்டரிச் செலவே இல்லை, ஈ.பி. லைனே உங்கள் பேட்டரி என்று விற்பனைக்காரர்கள் சொன்னார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்பது எங்கள் ஊருக்கு 2018-இல் தெரிந்தது.

கஜா

2018 நவம்பர் 15 ராத்திரியும் 16 விடியற்காலையும் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னையும் மாவும் விழுந்த கணக்கை நான் சொல்லவேண்டியதில்லை. உங்களில் பலருக்கு அது சொந்தக் கணக்கு. மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. 38 வருஷம் நானும் என் கூட்டாளிகளும் நட்டதெல்லாம் ஒரே ராத்திரியில் வயலில் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்தார்கள். சம்பா வயலில் முழங்கால் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்களும் வழி காட்டவும், எந்த லைன் எந்த ஃபீடர் என்று சொல்லவும் கூடப் போனோம்.

மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எண்பதை நெருங்கியவர். 2016-இல் 2 கிலோவாட் சோலார் போட்டிருந்தார். புயலில் ஒரு பேனலுக்கும் சேதமில்லை. நல்ல வெயில் அடிக்கிறது. வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை.

"தம்பி, சூரியன் மேல இருக்கு. பேனல் மேல இருக்கு. கரண்ட் எங்கப்பா போச்சு?"

"லைன்ல கரண்ட் இல்லாட்டி இந்த மெஷின் தானா நின்னுடும் சார். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"வித்தவன் ஆயுசுக்கும் கரண்ட் பிரச்னை இல்லைன்னானே?"

அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாருடைய கோபம் விளக்குக்காக இல்லை. அவர் மனைவிக்கு இன்சுலின். ஃபிரிட்ஜ் மூன்று நாளாக ஓடவில்லை. அந்த அம்மாள் மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியில் மருந்துக் குப்பியை வைத்து, ஈரத்துணி போர்த்தி வைத்திருந்தார். மாடியில் இரண்டு கிலோவாட் வெயிலில் காய்கிறது. கீழே பானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்த மெஷினைச் சுத்தி ஒயரை நேரா குடுத்தா ஓடாதா தம்பி?" என்றார்.

ஓடாது, ஓடவும் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் கூடாது என்பதை அன்று சாயங்காலமே ஊர் கண்ணால் பார்த்தது.

பொறி

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குழு எங்கள் பக்கத்துத் தெரு லைனைச் சரிசெய்துகொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று. மேலே 11,000 வோல்ட் லைனும் செத்துத்தான் கிடக்கிறது. கம்பத்தில் ஏற ஒரு பையன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்களுடைய போர்மேன் முறைப்படி முதலில் எர்த் ராடை லைனில் போட்டார். பளீரென்று பொறி பறந்தது.

செத்த லைனில் கரண்ட். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"ஏனுங், இங்க யாரு வீட்லயோ ஜெனரேட்டர் ஓடுதுங்க. பாருங்க" என்றார் அவர், சத்தம் போடாமல்.

வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். நாலாவது வீட்டில் கொல்லைப்புறத்தில் வாடகை ஜெனரேட்டர். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் சுவரில் இருந்த பிளக் பாயின்டிலேயே சொருகியிருந்தார்கள். மெயினை இறக்கவில்லை. வீட்டுக்குள் போன கரண்ட் மீட்டர் வழியாக வெளியே லைனுக்கும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். டேங்கில் தண்ணீர் ஏற்றி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பத்தடியில் பெல்ட்டோடு நின்ற பையனைக் காட்டியபோது அவர் கை நடுங்கியது.

டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 230 தருகிறது. பின்பக்கமிருந்து 230 கொடுத்தால் அதே டிரான்ஸ்பார்மர் மேலே பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும். அன்று ஃபியூஸ் பிடுங்கியிருந்ததால் அது நடக்கவில்லை. வீட்டு ஜெனரேட்டர் தெரு முழுவதையும் தாங்காது, உடனே நின்றுவிடும் என்பார்கள். பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் லைன் எங்கேயோ அறுந்து, இந்தத் துண்டில் இரண்டு மூன்று வீடு மட்டும் இருந்தால் நிற்காது. என் சர்வீஸில் அப்படிப் போன இரண்டு பேருடைய வீடுகளுக்கு நான் மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

சோலார் மெஷின் தானாக நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். அது லைனில் இருக்கும் 230 வோல்ட்டையும் 50 சைக்கிளையும் பார்த்துக்கொண்டே, அதோடு தாளம் சேர்த்துத்தான் ஓடும். லைன் செத்தால் இரண்டு நொடிக்குள் நின்றுவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க இருக்கிற விதி. ஒரு வீடோ தெருவோ தனித்தீவு போல உயிரோடு இருந்து, கம்பத்தில் ஏறுகிறவனைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப மாடியில இருக்கிறது என் கரண்ட் இல்லை, ஈ.பி.யோட ஒரு கிளைன்னு சொல்லு" என்றார். சரியாகத்தான் சொன்னார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆயிற்று. இன்சுலின் தப்பித்தது. பானையை நம்பி மட்டும் விடாமல், ஜெனரேட்டர் வைத்திருந்த அதே வீட்டுக்காரர், முறையாக லைனைப் பிரித்து ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு, தன் ஃபிரிட்ஜில் வாங்கி வைத்துக்கொண்டார்.

விட்டுப்போன சாமான்

பேனலுக்கும் இருட்டுக்கும் நடுவில் விட்டுப்போன சாமான் பேட்டரி. பேனல், பேட்டரி, ஈ.பி. லைன் மூன்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் மெஷினை ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்கிறார்கள். லைன் செத்தால் முதலில் வீட்டை லைனிலிருந்து சுத்தமாகப் பிரித்துவிடும். பிரித்த பிறகு வீட்டுக்குள் மட்டும் கரண்ட் கொடுக்கும். கம்பத்தில் இருப்பவனுக்கும் ஆபத்தில்லை. கீழே இருப்பவனுக்கும் இருட்டில்லை.

பேட்டரியும் மாறிவிட்டது. ஈயப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவேண்டும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். நாலைந்து வருஷத்தில் மாற்றவேண்டும். லித்தியம் பேட்டரி 1991-இல் சோனி மூலம் கடைக்கு வந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு 97 வயது. நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவே ஒரு தெம்பு! வீட்டுக்கு ஏற்றதாக இன்று விற்கும் லித்தியம்–இரும்பு–பாஸ்பேட் வகை அவருடைய டெக்சாஸ் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1997-இல் வந்த அந்த ஆய்வில் அவரோடு பாடி, நஞ்சுண்டசுவாமி என்ற இரண்டு இந்தியர் பெயரும் உண்டு. சூடு தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஒழுங்காகப் பயன்படுத்தினால் பத்து வருஷத்துக்கு மேல் வரும்.

2021-இல் என் வீட்டில் 3 கிலோவாட் பேனலும் 5 யூனிட் பேட்டரியும் வைத்தேன். கிலோவாட்டுக்கு நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் வரும்; மாடியில் 100 சதுர அடி போல இடம் பிடிக்கும். எதெது பேட்டரியில் ஓடவேண்டும் என்பதை நானும் என் மனைவியும் இரண்டு நாள் உட்கார்ந்து முடிவு செய்தோம். ஃபிரிட்ஜ், மூன்று ஃபேன், ஐந்து விளக்கு, செல்போன் சார்ஜர். பழைய 75 வாட் ஃபேன்களை எடுத்துவிட்டு 30 வாட் ஃபேன் போட்டோம். ஒரு ராத்திரிக்கு ஃபேனுக்கு ஒரு யூனிட், ஃபிரிட்ஜுக்கு அரை, மற்றதற்கு அரை. ஆக இரண்டு யூனிட். வெயிலே இல்லாவிட்டாலும் இரண்டு ராத்திரி தாங்கும். ஏ.சி.யும் ஹீட்டரும் மோட்டாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

"மோட்டார் இல்லாம தண்ணிக்கு என்ன பண்றது?" என்று கேட்டாள் என் மனைவி. கஜாவின்போது எங்கள் தெருவே தண்ணீர் எடுத்தது கோடி வீட்டு அடிபம்பில்தான். நாங்கள் வீடு கட்டியபோது மூடிவிட்ட பழைய அடிபம்பைத் தோண்டி, வாஷர் மாற்றி, மறுபடி நிறுத்தினோம். என் வீட்டுத் தற்சார்பில் பாதி லித்தியம், பாதி அந்த இரும்புக் கைப்பிடி என்று தாராளமாகச் சொல்வேன்.

பணக் கணக்குக் கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பேனல் தன் காசைச் சில வருஷத்தில் மீட்டுக் கொடுத்துவிடும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. பேட்டரிக்கு அந்த மானியம் இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருக்கும் நம் மாநிலத்தில், பில்லை மட்டும் பார்த்தால் சிறு குடும்பத்துக்குப் பேட்டரி லாபமில்லை. நான் அதை லாபத்துக்கு வைக்கவில்லை. வீட்டில் இன்சுலின், நெபுலைசர், ஆக்சிஜன் மெஷின் என்று ஏதாவது ஒன்று இருந்தால் கணக்கு வேறு. அந்தப் பானையைத் தொட்டுப் பார்த்த கையின் விலை பில்லில் வராது. தலைமையாசிரியரும் மறு வருஷமே தன் மெஷினை மாற்றிப் பேட்டரி வைத்துக்கொண்டார்.

லைனை வெட்டவேண்டுமா?

சில பேர் உற்சாகத்தில் "இனிமே ஈ.பி.யே வேண்டாம், கனெக்‌ஷனைச் சரண்டர் பண்ணிடலாம்" என்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் தொடர்ந்து ஐந்து நாள் வெயில் முகம் காட்டாமல் இருப்பது நமக்குத் தெரியாததா? அந்த ஐந்து நாளைக்கும் சேர்த்துப் பேட்டரி வைத்தால் வீட்டை விற்கவேண்டியிருக்கும்.

பெரிய சேமிப்பு என்பது ஊருக்குப் பொதுவாகத்தான் சாத்தியம். மேட்டூரில் தேங்கி நிற்கும் தண்ணீரும் ஒரு பேட்டரிதான். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியில் வந்தது. கரண்ட் மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கிறார்கள். 2013 டிசம்பர் 31-இல் தென்மாநில மின்தொகுப்பு வடக்கோடு இணைந்த பிறகு, நம் காற்றாலைக் கரண்ட் தூரத்துக்குப் போகவும், அங்கிருந்து இங்கே வரவும் வழி பெரிதாயிற்று. இதெல்லாம் ஒரு வீட்டால் ஆகிற காரியமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாடி உள்ளவனுக்குத்தான் சோலார். நான் ஒரு காலத்தில் ஒரு பல்பு போட்டுக்கொடுத்த குடிசைகளில் பல இன்று ஓட்டு வீடாகவும் வாடகை வீடாகவும் இருக்கின்றன. அவர்களுக்குக் கம்பம்தான் வழி. வசதி உள்ளவர்களெல்லாம் கம்பியை விட்டுப் போய்விட்டால், அந்தக் கம்பியைப் பராமரிக்கும் செலவு போகமுடியாதவர்கள் தலையில் விழும்.

நம் விவசாயிகளுக்கு இது புரியாத விஷயமில்லை. டெல்டாவில் போர் வைத்திருப்பவனும் ஆற்றுத் தண்ணீரை விட்டுக்கொடுக்க மாட்டான். மேட்டூர் திறக்கத் தாமதமானால் போரை வைத்து நாற்றைக் காப்பாற்றிக்கொள்வான். தண்ணீர் வந்ததும் வாய்க்கால் வெட்ட மண்வெட்டியோடு முறைக்கு வந்து நிற்பான். வீட்டுப் பேட்டரியையும் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பகலில் என் மாடியில் மிஞ்சுவது பக்கத்து வீட்டு மிக்ஸியில் ஓடுகிறது. ராத்திரி லைன் இருந்தால் லைன். இல்லாவிட்டால் ஆணியில் மாட்டிய அந்த அரிக்கேனின் இடத்தில் பேட்டரி.

சோலார் வைக்கப்போகிறவர்கள் விற்பனைக்காரரிடம் யூனிட் கணக்கு, வாரன்டி எல்லாம் கேட்பீர்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். லைனில் கரண்ட் இல்லாத நாளில் என் வீட்டில் எது ஓடும்? அந்த நேரத்தில் என் வீட்டிலிருந்து ஒரு துளி கரண்டாவது வெளியே போகுமா? இரண்டாவதற்கு "போகாது" என்று வாயால் சொன்னால் போதாது. மெயினை இறக்கி, மீட்டர் பக்கம் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் பகுதி லைன்மேனைக் கூப்பிட்டு, ஒரு காப்பி கொடுத்து, பிரிக்கிற சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள். அடுத்த புயலில் உங்கள் வாசல் கம்பத்தில் ஏறப்போவது அவர்தான்.